சென்டர்போர்டு மக்கர் பண்ணுதா? சின்னப் பாய்ப்படகு வச்சிருக்கவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

எங்ககிட்ட இருக்கறது ஒரு பழைய எண்டர்பிரைஸ். ஜாக் ஹோல்ட் 1956ல டிசைன் பண்ணின டிங்கி (சின்னப் பாய்ப்படகு), 4.04 மீட்டர் நீளம், நீலக்கலர் பாய், ரெண்டு பேர் ஓட்டறது. நானும் என் நண்பனும் பாதிப்பாதி காசு போட்டு வாங்கினோம், சென்னையில ஓட்டறோம். வாங்கின முதல் வருஷத்துல நாங்க பாய் விரிச்ச நேரத்தை விட சென்டர்போர்டோட, அதாவது போட்டுக்கு நடுவுல தண்ணிக்குள்ள இறங்கற பலகையோட, மல்லுக்கட்டின நேரம்தான் ஜாஸ்தி. அதுக்கப்புறம் யாரு போட்ல பலகை மாட்டிக்கிட்டாலும் எனக்குத்தான் போன் வருது, திரும்பத் திரும்ப அதே கேள்விங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். எண்டர்பிரைஸை வச்சுத்தான் சொல்றேன், ஆனா ஜிபி14, வேஃபேரர், ஃபயர்பால், 420ன்னு அச்சுல சுத்தி இறங்கற பலகை இருக்கற எந்த டிங்கிக்கும் இதுல முக்கால்வாசி பொருந்தும்.

சென்டர்போர்டும் டாகர்போர்டும் ஒண்ணுதானே?

வேலை ஒண்ணு, ஆள் வேற. காத்து பக்கத்துல இருந்து அடிக்கும்போது போட் நண்டு மாதிரி பக்கவாட்டுல நகராம இருக்கத்தான் தண்ணிக்குள்ள இந்தப் பலகை. கட்டுமரத்துல பாய் கட்டி ஓட்டின காலத்துல நம்மாளுங்க பக்கத்துல ஒரு பலகையை செங்குத்தா இறக்கினாங்கல்ல, அதே விஷயம்தான். டாகர்போர்டுங்கறது கத்தியை உறையில சொருகற மாதிரி நேரா மேலருந்து கீழ இறங்கும். பசங்க ஓட்டற ஆப்டிமிஸ்ட், நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ல ஓட்டின லேசர் ரேடியல், எல்லாமே டாகர்போர்டு. சென்டர்போர்டு அப்படி இல்ல, முன்பக்கம் ஒரு அச்சாணியில மாட்டியிருக்கும், பின்பக்கம் கதவு மாதிரி சுத்தி கீழ இறங்கும். அது மடிஞ்சு உள்ள போய் உக்கார்ற பெட்டிக்கு கேஸ்னு பேரு, நான் கூடுன்னு சொல்றேன், எழுத ஈஸியா இருக்கு.

டாகர்போர்டு தரை தட்டுச்சுன்னா டமார்னு நிக்கும், ஒண்ணு பலகை போகும் இல்ல கூட்டோட பின்முனை பிளக்கும். சென்டர்போர்டு தரை தட்டினா தானா பின்னாடி மடிஞ்சுக்கும். ஆழம் கம்மியான உப்பங்கழியில, ஏரியில ஓட்டறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். அந்த நிம்மதிக்கு நாம குடுக்கற விலைதான் கீழ இருக்கற மத்த கேள்வி எல்லாம்.

பலகை இறங்கவே மாட்டேங்குது. கயித்தை விட்டாலும் அப்படியே நிக்குது. என்ன பண்ண?

மொதல்ல சுத்தியலைக் கீழ வைங்க. நான் வைக்கல, அதனால சொல்றேன். மேலருந்து ஒரு கட்டையை வச்சு நாலு தட்டு தட்டினேன், பலகையோட மேல்முனை இழை இழையா பிளந்துச்சு, மாட்டினது மாட்டினபடியே இருந்துச்சு.

பத்துக்கு எட்டு தடவை இது மணல். கரையில போட்டை இழுக்கும்போது அடியில இருக்கற நீளமான வாய் மணலைத் தோண்டித்தோண்டி உள்ள தள்ளிக்கும், அப்புறம் அலையில நிக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும், காய்ஞ்சா சிமெண்ட் மாதிரி இறுகிடும். ஒரு சின்னக் கூழாங்கல்லு போதும், இல்ல ஒரு உடைஞ்ச கிளிஞ்சல். பலகைக்கும் கூட்டுக்கும் நடுவுல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இடைவெளி, அதுல ஒரு கிளிஞ்சல் ஆப்பு மாதிரி சொருகிக்கிட்டா நீங்க எவ்வளவு அழுத்தறீங்களோ அவ்வளவு டைட்டாகும்.

கரையில வச்சுப் பண்ண வேண்டியது இதுதான்: பாய்மரத்தைக் கழட்டிட்டு, ரெண்டு பழைய டயரோ மெத்தையோ போட்டு போட்டைப் பக்கவாட்டுல சாய்ங்க. ஒருத்தர் பிடிச்சுக்கணும், சாஞ்ச போட் காத்துல திரும்பி கால் மேல விழுந்தா வேற கதையாயிடும். இப்ப அடிவாய் உங்க கண்ணுக்கு நேரா இருக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க. பெட்டிகளைக் கட்ட வருமே அந்த இரும்புப் பட்டை, அது கிடைச்சா பிரமாதம், இல்லன்னா பழைய ஹேக்ஸா பிளேடு, அதைப் பலகையோட ரெண்டு பக்கமும் விட்டு முன்னாடி பின்னாடி அறுக்கற மாதிரி ஓட்டுங்க. கூடவே ஹோஸ் பைப்ல மேலருந்து தண்ணி விடுங்க. மணல் கொட்டக் கொட்ட பலகையை முனையில பிடிச்சு மெதுவா இழுங்க, ஒரு இஞ்சு வந்தா திரும்ப உள்ள தள்ளி மறுபடி இழுங்க. பொறுமைதான் டூல்.

தண்ணியும் மணலும் கொட்டி முடிச்ச பிறகும் வரலைன்னா மரம் ஊதியிருக்கும். பெயிண்ட் உரிஞ்ச இடத்துல தண்ணி குடிச்சு பலகை தடிச்சிருக்கும், அதுக்கு வைத்தியம் நிழல்ல ஒரு வாரம் காயவிடறதுதான். நேரடி வெயில்ல போட்டா வளையும், அது இன்னொரு தலைவலி.

உப்புத்தண்ணியிலயே போட்டைக் கட்டிப் போட்டு வச்சிருக்கவங்களுக்கு மூணாவதா ஒரு காரணம் இருக்கு: பார்னக்கிள், ஓட்டோட ஒட்டிக்கிட்டு வளர்ற சின்னக் கடல் உயிரி. கூட்டுக்குள்ள வெளிச்சம் கம்மி, தொந்தரவு பண்ண ஆளில்ல, அதுங்களுக்கு அது வாடகையில்லாத வீடு. சுரண்டித்தான் எடுக்கணும், குறுக்குவழி கிடையாது.

நாங்க தண்ணியில இருக்கோம், பலகை பாதியில மாட்டிக்கிச்சு. இப்ப என்ன?

பாதி இறங்கியிருந்தா ஓட்டிட்டு வீட்டுக்கு வரலாம், பதறாதீங்க. காத்துக்கு எதிரா ரொம்ப நெருக்கிப் போகாம கொஞ்சம் விலகின கோணத்துல ஓட்டுங்க, பக்கவாட்டுல நழுவும், அதைக் கணக்குல வச்சுக்குங்க. முழுசா மேலயே மாட்டியிருந்தாதான் சிக்கல், ஏன்னா அப்ப காத்துக்கு எதிரா ஏறவே முடியாது. அதனாலதான் கிளம்பும்போது கரையில இருந்து அம்பது மீட்டர்லயே பலகையை முழுசா இறக்கிப் பார்த்துடணும், காத்து கடலுக்குள்ள தள்ளுற நாள்ல இதைச் செய்யாம போகவே கூடாது.

இன்னொண்ணு, போட் வேகமா பக்கவாட்டு அழுத்தத்துல போயிட்டிருக்கும்போது நல்லா இருக்கற பலகை கூட நகராது, தண்ணி அதைக் கூட்டோட சுவர்ல அமுக்கிப் பிடிச்சிருக்கும். மாட்டிக்கிச்சுன்னு போன் பண்ணின பாதிப் பேருக்கு விஷயம் இதுதான். பாயை லூஸ் பண்ணி காத்துக்கு முகம் காட்டி நிறுத்துங்க, ரெண்டு செகண்ட்ல வரும்.

இறக்கினா நிக்க மாட்டேங்குது, தானா மேல ஏறிடுது.

மரப்பலகை மிதக்கும், அது அதோட குணம். அதைப் பிடிச்சு வைக்க உராய்வு வேணும், அது தேய்ஞ்சு போயிருக்கும். கூட்டோட மேல்பகுதியில உள்பக்கமா ஒரு ரப்பர் துண்டு ஒட்டியிருப்பாங்க, பல போட்ல தோட்டத்து ஹோஸ் பைப்பை நீளவாக்குல வெட்டி வச்சிருப்பாங்க, அது வேலை செய்யும். அதுக்கும் நிக்கலைன்னா கீழ இழுக்கறதுக்குன்னு தனியா ஒரு கயிறு, அதோட முனையில ஷாக் கார்டு, அதாவது இழுபடற ரப்பர் கயிறு. ஷாக் கார்டு முக்கியம், ஏன்னா வெறும் கயித்தை கிளீட்ல (கயிறு பிடிச்சு வைக்கற பிடியில) இறுக்கிக் கட்டிட்டா தரை தட்டும்போது பலகை மடியாது, அப்புறம் அது டாகர்போர்டு மாதிரிதான் அடி வாங்கும். நாம சென்டர்போர்டு வச்சிருக்கறதே வீணாயிடும்.

கயிறு நைலான் வாங்காதீங்க, இழுவும். பாலியஸ்டர் வாங்குங்க.

பலகையை வெளிய எடுக்கணுமா, எடுக்காமலே சரி பண்ண முடியாதா?

எடுக்கணும். இந்தக் கேள்வி கேக்கற எல்லாருக்கும் எடுக்க சோம்பேறித்தனம், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கூட்டுக்குள்ள இருக்கற பலகையில கண்ணுக்குத் தெரியறது மேல நாலு விரக்கடைதான், மிச்சம் எல்லாம் நம்ம யூகம். ஒரு தடவை கழட்டிட்டா அரைமணி நேர வேலைன்னு புரிஞ்சிடும்.

போட்டைச் சாய்ச்சு வச்சுட்டு, கயிறெல்லாம் கழட்டிட்டு, எந்தக் கயிறு எந்தப் புல்லி வழியா போச்சுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. இதைச் செய்யாம நாங்க ஒரு சாயங்காலம் பூரா கயித்தை வச்சுக்கிட்டு முழிச்சோம். அப்புறம் அச்சாணி போல்ட். கழட்டறதுக்கு முன்னாடி பலகையோட எடையை யாராவது தாங்கிப் பிடிக்கணும், எடை அச்சாணி மேலயே தொங்கிட்டு இருந்தா அது வெளிய வராது, நீங்க தட்டுவீங்க, மரை நசுங்கும். நட்டைக் கழட்டினதும் போல்ட் சுத்துதான்னு பாருங்க, சுத்தினா பாதி ஜெயிச்சாச்சு. சுத்தலைன்னா துருவை இளக்கற எண்ணெய் விட்டு ராத்திரி பூரா ஊறவிடுங்க. தட்டித்தான் எடுக்கணும்னா போல்ட்டை விட கொஞ்சம் சன்னமான மரக்கட்டையோ பித்தளைக் கம்பியோ வச்சுத் தட்டுங்க. சில டிசைன்ல அச்சாணி ஓட்டைக்கு பதிலா பலகையில ஒரு திறந்த வாய் வெட்டி இருக்கும், அதுல போல்ட்டைத் தொடவே வேணாம், பலகையை ஒரு கோணத்துல திருப்பித் தூக்கினாலே வந்துடும். கழட்டறதுக்கு முன்னாடி அது எந்த டைப்புன்னு டார்ச் அடிச்சுப் பார்த்துடுங்க.

போட்டுக்குள்ள தண்ணி வருது. சென்டர்போர்டு பக்கம்தான் ஈரமா இருக்கு. எதை அடைக்கறது?

எதையும் அடைக்காதீங்க, மொதல்ல கண்டுபிடிங்க. எங்க கதையைக் கேளுங்க. அச்சாணி போல்ட்டைச் சுத்தி ஈரமா இருந்துச்சு, சரி அதுதான்னு எம்-சீல் வச்சு அமுக்கினோம். அடுத்த ஞாயித்துக்கிழமையும் தண்ணி. மேல சிலிக்கோன் பூசினோம். அதுக்கடுத்த வாரமும் தண்ணி. மூணு வாரம் போச்சு. கடைசியில பார்த்தா ஓட்டை அங்க இல்லவே இல்ல, கூடு போட்டோட தரையோட சேர்ற பின்மூலையில முடி மாதிரி ஒரு விரிசல், அங்க வர்ற தண்ணி தரை சரிவுல முன்னாடி ஓடி வந்து போல்ட்கிட்ட தேங்கி நின்னுருக்கு. அதுக்கப்புறம் அந்த சிலிக்கோனைச் சுரண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போச்சு. சிலிக்கோன் பட்ட இடத்துல பெயிண்ட்டும் ஒட்டாது, ரெண்டு டப்பா கலந்து பூசற எபாக்சி பசையும் ஒட்டாது. போட்ல சிலிக்கோன் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லுவேன், சண்டைக்கு வந்தாலும் சரி.

கண்டுபிடிக்கற வழி ரொம்ப சிம்பிள். போட்டை ட்ராலி மேல நேரா நிறுத்தி, அடியில வாயை நல்ல அகலமான டேப் போட்டு மூடிட்டு, உள்பக்கத்தைத் துணியால துடைச்சுக் காயவச்சுட்டு, கூட்டுக்குள்ள மேலருந்து தண்ணி ஊத்துங்க. சின்ன டிங்கிக்கு ஒரு பக்கெட் கூட பிடிக்காது. தண்ணியில ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் கலந்துக்குங்க. இப்ப உள்ள உக்காந்து பாருங்க, எங்க மஞ்சளா கோடு இறங்குதோ அதுதான் ஓட்டை. எங்களுக்கு ரெண்டே நிமிஷத்துல பின்மூலையில ஒரு மஞ்சள் முத்து தெரிஞ்சுது, அது உருண்டு கீழ ஓடுச்சு, நாங்க ரெண்டு பேரும் அதை ஏதோ புதையல் மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தோம். வெள்ளை போட் மஞ்சளாயிடுமேன்னு கவலை வேண்டாம், வீட்டுல மஞ்சக்கறை பட்ட துணியை அம்மா வெயில்ல போடுவாங்கல்ல, அதே மாதிரி வெயில் பட்டா மங்கிடும்.

அச்சாணிகிட்டதான் ஒழுகுதுன்னா போல்ட்டோட ரெண்டு பக்கமும் ரப்பர் வாசர், அதுக்கு மேல ஸ்டீல் வாசர். வாசரை மாத்திட்டு, தண்ணி நிக்கற அளவுக்கு மட்டும் இறுக்குங்க. இன்னும் டைட்டா, இன்னும் டைட்டான்னு போனா கூட்டோட சுவர் உள்ள வளைஞ்சு பலகையைப் பிடிக்கும், விரிசலும் விடும். ஒழுகல் பிரச்சனை மாட்டற பிரச்சனையா மாறிடும்.

கூட்டோட மூலையில விரிசல்தான். எப்படி ஒட்டறது? காசிமேட்டுல ஃபைபர் போட் ஒட்டறவங்ககிட்ட குடுக்கலாமா?

தாராளமா. ஃபைபர் வேலையில அவங்க கை நம்மளை விட ஆயிரம் மடங்கு பழக்கம். ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க, அவங்க வழக்கமா வேலை செய்யறது பாலியஸ்டர் ரெசின்ல. உங்க போட் முழுக்க ஃபைபர்னா அது பரவாயில்ல. கூடு மரம், தரை ஃபைபர்னு கலந்து இருந்தா எபாக்சிதான், பாலியஸ்டர் மரத்துல எபாக்சி அளவுக்குப் பிடிக்காது, ரெண்டு சீசன்ல தோல் மாதிரி உரிஞ்சு வரும். பழைய பாலியஸ்டர் மேல எபாக்சி ஒட்டும், எபாக்சி மேல பாலியஸ்டர் சரியா ஒட்டாது. இந்த ஒரு வரியை சுவத்துல எழுதி வைங்க. அப்புறம் பாலியஸ்டருக்கு போடற சாதாரண கிளாஸ் இழை மேட்டை எபாக்சியோட போடாதீங்க, அதுல இழையைப் பிடிச்சு வச்சிருக்கற பசை எபாக்சியில கரையாது, விறைச்சுக்கிட்டு நிக்கும். நெய்த கிளாஸ் துணி வாங்குங்க.

விரிசலை மேலாக்க பூசிட்டு வராதீங்க. அதை V மாதிரி திறந்து, ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்சு வரைக்கும் சுரண்டி, பெயிண்ட் போய் பழைய லேமினேட் தெரியணும், காயணும், அசிட்டோன்ல துடைக்கணும். மூலையில தடிச்ச எபாக்சியை விரலால வழிச்சு வளைவா பூசி, அது இன்னும் பிசுக்குன்னு இருக்கும்போதே மேல ரெண்டு லேயர் துணி. நம்மூர் வெயில்ல ஒரே டப்பாவுல நிறைய கலக்காதீங்க, பத்து டிகிரி சூடு ஏறினா கையில இருக்கற நேரம் ஏறக்குறைய பாதியாயிடும், மே மாசத்துல ஒரு தடவை எங்க டப்பா புகைவிட ஆரம்பிச்சுது, பிளாஸ்டிக் உருகி தரையில ஒட்டிக்கிச்சு. கொஞ்சம் கொஞ்சமா, காலையில ஆறு மணிக்கு கலக்குங்க. தேய்க்கும்போது மாஸ்க், முழுக்கை சட்டை. அந்த அரிப்பு ரெண்டு நாளைக்குப் போகாது.

அச்சாணி ஓட்டை முட்டை வடிவத்துல தேய்ஞ்சிருச்சு. பெரிய போல்ட் போட்டுடவா?

வேணாம், அடுத்த வருஷம் அந்த ஓட்டையும் தேயும். பலகையில இருக்கற ஓட்டையை இன்னும் பெருசா, போல்ட்டை விட ரெண்டு மடங்கு அகலத்துக்கு துளை போடுங்க. கேக்கறதுக்கு தலைகீழா இருக்கும், ஆனா அதுதான் வழி. காயவிட்டு, ஒரு பக்கம் டேப் ஒட்டி, தடிச்ச எபாக்சியை நிரப்புங்க, நல்லா கெட்டியானதும் நடுவுல போல்ட் சைஸுக்கு புதுசா துளை. இப்ப போல்ட் உரசறது எபாக்சியில, மரத்துல இல்ல, மரத்துக்குள்ள தண்ணியும் போகாது. பழைய நடு எங்க இருந்துச்சுன்னு மொதல்லயே அட்டையில குறிச்சு எடுத்துக்குங்க, அஞ்சு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் பலகை கூட்டுக்குள்ள முழுசா மடியாது.

ஓட்டைக்குள்ள புஷ் (குழாய் மாதிரி ஒரு வளையம்) போடறதா இருந்தா நைலான் தண்ணி குடிச்சு ஊதும், அச்சைப் பிடிக்கும். லேத் பட்டறையில டெல்ரின்ங்கற கெட்டி பிளாஸ்டிக் ராடுல கடைஞ்சு தரச் சொல்லுங்க.

போல்ட்டு எஸ்எஸ்னு மட்டும் கேட்டா கடையில 304ஐத்தான் தூக்கித் தருவாங்க. 316 கேளுங்க, அதுல மாலிப்டினம் கலந்திருக்கும், உப்புல குழி விழறது கம்மி. காந்தம் வச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்னு சொல்வாங்க, ரெண்டுமே பெரும்பாலும் ஒட்டாது, அதனால அது டெஸ்ட்டே இல்ல. அப்புறம் 316ஆ இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டிப் பாருங்க. எஸ்எஸ் துரு பிடிக்காம இருக்க அதுக்கு ஆக்சிஜன் வேணும், கூட்டுக்குள்ள காத்து போகாத ஈரத்துல அடைபட்டு கிடந்தா வாசருக்கு அடியில சத்தமில்லாம அரிச்சிருக்கும். வெளிய பளபளன்னு தலை, உள்ள பென்சில் மாதிரி இளைச்ச கழுத்து, நான் பார்த்திருக்கேன்.

பலகை கடகடன்னு ஆடுது. வேகமா போனா ம்ம்ம்னு ஒரு ரீங்காரம் வேற.

ரெண்டும் வேற வேற.

கடகடன்னா இடைவெளி ஜாஸ்தி. கூட்டோட அடிவாய்ப் பக்கம், உள்சுவர்ல ரெண்டு பக்கமும் மெல்லிசா பட்டை ஒட்டி இடத்தைக் குறைக்கணும். சன்மைக்கா துண்டு வேலை செய்யும், வழவழப்பான பாலித்தீன் பட்டை இன்னும் நல்லது, ஆனா அதுல எந்தப் பசையும் நிக்காது, ஸ்க்ரூதான். ரொம்ப நெருக்கிட்டா மறுபடி முதல் கேள்விக்குப் போயிடுவீங்க, மணலுக்கு வழி விட்டு வைங்க.

ரீங்காரம் பலகையோட பின்னோரத்துல இருந்து வருது. தண்ணி அந்த ஓரத்தை விட்டுப் பிரியும்போது இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்திச் சுழல் விடும், அந்தத் தாளத்துல பலகை அதிரும், போட் வீணைக்குடம் மாதிரி அதைப் பெருசாக்கும். பின்னோரம் உருண்டையா இருந்தா ரொம்பப் பாடும். உப்புத்தாளை மரக்கட்டையில சுத்தி, அந்த ஓரத்தை ஒரு பக்கமா மட்டும் சாய்வா தேய்ங்க, முப்பதுல இருந்து நாப்பத்தஞ்சு டிகிரி, ரெண்டு மில்லிமீட்டர் கனம் விட்டுடுங்க. கத்தி மாதிரி கூராக்காதீங்க, மொத தடவை தரை தட்டினதும் பல்லு பல்லா உடையும். எங்க போட்ல சத்தம் அன்னிக்கே நின்னுச்சு. நண்பனுக்கு வருத்தம், அந்தச் சத்தம் வந்தாத்தான் வேகமா போற ஃபீல் வருதாம்.

வேகம் எடுத்தா கூட்டோட மேல்வாய்ல இருந்து தண்ணி பீய்ச்சி மூஞ்சியில அடிக்குது.

அடிவாய்ல இருக்கற கேஸ்கெட் போயிருக்கும். ரெண்டு பட்டை, வாயோட நீளத்துக்கு, நடுவுல ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு, பலகை வர்ற இடத்துல மட்டும் விலகிக் குடுக்கும். அது கிழிஞ்சா தண்ணி உள்ள ஏறும், போட்டும் மெதுவாகும். பழைய பாயோட விறைப்பான துணி கிடைச்சா அதையே வெட்டலாம், மைலார் பட்டை இன்னும் நாள் தாங்கும். பழைய பசையை முழுசா எடுத்துட்டு, செருப்புக்குப் போடற மாதிரி ரெண்டு பக்கமும் ஒட்டுப்பசை பூசி, கையில ஒட்டாத அளவுக்கு காயவிட்டு, இழுத்துப் பிடிச்சு ஒட்டுங்க. தொய்வா ஒட்டினா ஒரு மாசத்துல உள்ள உறிஞ்சி பலகையோட சேர்ந்து மாட்டும். மேல ஒரு சன்னமான உலோகப் பட்டை, ஸ்க்ரூ. முன்முனையை நல்லா மூடிடுங்க, கிழியறது எப்பவும் அங்கருந்துதான்.

பலகை நுனி உடைஞ்சு மரம் கருப்பா தெரியுது. காப்பாத்தலாமா, புதுசா செய்யணுமா?

ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா காப்பாத்தலாம், கேக் மாதிரி இறங்கினா அந்தப் பகுதியை வெட்டித் தள்ளணும். முக்கியமானது காயறது. ஈர மரத்து மேல எபாக்சி பூசினா உள்ள தண்ணியை நீங்களே சீல் பண்ணி வச்ச மாதிரி. காய்ஞ்சுதான்னு எப்படித் தெரியும்? பழைய பேப்பர் கடைக்காரர் வச்சிருக்கற தராசு மாதிரி ஒரு தொங்கு தராசு வாங்கி, தினம் ஒரே நேரத்துல எடை போட்டு சுவத்துல எழுதுங்க. எங்களுது முதல் வாரம் வேகமா இறங்குச்சு, அப்புறம் மெதுவா, பதினெட்டாவது நாளுக்கு மேல ஒரே எடையில நின்னுச்சு, அன்னிக்குத்தான் எபாக்சி டப்பாவைத் திறந்தோம். மழைக்காலத்துல இதை ஆரம்பிக்காதீங்க, ஐப்பசியில எதுவும் காயாது.

புதுசா செய்யறதா இருந்தா பிளைவுட்ல ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்குங்க, அதுதான் மரைன் பிளை. ஐஎஸ் 303 சாதா பிளை, தண்ணிக்கு ஆகாது. கெட்டி மரம்னா ஒரே பலகையா எடுக்காம சின்னச் சின்ன பட்டையா கிழிச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்பிப் போட்டு ஒட்டணும், இல்லன்னா வளையும். வடிவம் மீன் மாதிரி, முன்னாடி உருண்டை, முன்னோரத்துல இருந்து 30 சதவீத தூரத்துல அதிக கனம், அப்புறம் மெலிஞ்சுக்கிட்டே போகணும். விமான இறக்கைக்கு வகுத்த நாகா 0012ங்கற வடிவத்துல கனம் அகலத்துல 12 சதவீதம், ஆனா உங்க கூட்டோட அகலம் அதுக்கு இடம் குடுக்காது, கிடைக்கற கனத்துக்குள்ள வளைவை மட்டும் ஒழுங்கா கொண்டு வாங்க. ரேஸ் ஓட்டறவங்க அவங்க போட் வகைக்கான கிளாஸ் ரூல்ல பலகை அளவைப் பார்த்துட்டு வெட்டுங்க.

இரும்பு பிளேட் பலகைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மாட்டறதுக்கு அங்க காரணம் துரு. துரு பூரிச்சு அப்பளம் அப்பளமா தடிக்கும், கூட்டைப் பிடிக்கும். சுத்தியல் இங்க மட்டும் ஓகே, பலகையை வெளிய எடுத்த பிறகு தட்டித் துருவை உதிர்க்க. வயர் பிரஷ், உடனே எபாக்சி ப்ரைமர். இரும்பு மிதக்காது, அதனால கயிறு அறுந்தா தொபுக்குன்னு விழும், கூட்டுக்கு அடியில விரலை விடும்போது மேல கயிறு கட்டியிருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க.

சுக்கான் கையைப் பிடிச்சு இழுக்குது, போட் காத்துப் பக்கமே திரும்பிக்கிட்டு போகுது. இது சென்டர்போர்டு பிரச்சனையா?

பாதி நேரம் ஆமா. பலகையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க, ஒரு சாண். அச்சாணி முன்னாடி இருக்கறதால பலகை தூக்கும்போது பின்னாடி போகுது, தண்ணியோட பிடிமானமும் அதோட சேர்ந்து பின்னாடி நகரும், சுக்கான் லேசாகும். பெருங்காத்துல இதைச் செஞ்சா சாயறதும் கொஞ்சம் குறையும். பொதுவா காத்துக்கு எதிரா போனா முழுசா கீழ, பக்கக்காத்துல பாதி, பின்காத்துல முக்கால்வாசி மேல. பின்காத்துல முழுப் பலகையையும் கீழ விட்டுட்டு ஜைப் (பாயை மறுபக்கம் மாத்தித் திரும்பறது) பண்ணாதீங்க, போட் அதுல தடுக்கி கவுந்துடும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க.

கவிழ்ந்துட்டோம். பலகை கூட்டுக்குள்ள போயிருச்சு, ஏறி நிக்க ஒண்ணுமில்ல.

பக்கவாட்டுல கிடக்கும்போதே உள்பக்கம் இருக்கறவர் கயித்தை விட்டு பலகையை வெளிய தள்ளிடணும், அதுதான் அவரோட முதல் வேலை. லேட் பண்ணினா போட் முழுசா தலைகீழாகும், அப்ப பலகை சொந்த எடையில கூட்டுக்குள்ள சரக்குன்னு இறங்கிடும், மேல ஏறி வாய்க்குள்ள விரலை விட்டு நோண்டி இழுக்கணும், கேஸ்கெட் வேற வழியில நிக்கும். பலகை முழுசா உள்ள மறையாம ஒரு விரக்கடை வெளிய துருத்திக்கிட்டு நிக்கற மாதிரி ஒரு தடுப்பு வச்சுக்கிட்டா அந்த நேரத்துல கும்பிடுவீங்க. ஏறி நிக்கும்போது நுனியில நிக்காதீங்க, போட்டை ஒட்டி வேர்ப்பக்கம் கால் வைங்க. நுனியில நின்னா நெம்புகோல் நல்லாத்தான் வேலை செய்யும், பலகையை உடைக்கறதுக்கும் சேர்த்து.

ஒவ்வொரு தடவையும் என்ன பார்க்கணும்?

கரைக்கு வந்ததும் மேலருந்து கூட்டுக்குள்ள நல்ல தண்ணி ரெண்டு பக்கெட், பலகையை நாலு தடவை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே ஊத்துங்க. அடியில சாம்பல் கலர்ல மணல் கொட்டும், தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் ஊத்தணும். போன வாரம் எங்களுக்கு மணலோட ஒரு குட்டி நண்டு வந்து விழுந்துச்சு, நண்பன் அதைக் கையில எடுத்துட்டுப் போய் தண்ணியில விட்டுட்டு வந்தான்.